வெங்காரம் இடாத குப்பி

முனைவர் சிவசைலம் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறார் என்பது, அவரைக் காணும் முன்பே அமலோற்பவத்துக்குத் தெரிந்துவிட்டது. இடக்காலைச் சற்றே இழுத்து நடக்கும் அந்த நடையின் ஓசையைப் பத்தொன்பது ஆண்டுகளாக அவள் மறக்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வப்போது அதை மனத்துக்குள் ஒருமுறை நடக்கவிட்டுப் பார்த்ததும் உண்டு. வயிறு புடைத்து முதுகு ஒட்டிய சாளை மீன்களை ஆய்ந்து, குடலில் மாவுபோல் அப்பியிருந்த வெள்ளைத் துகளைக் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு எழுந்துபோய்க் கதவருகே நின்றாள்.

“உள்ள வரலாமா, அமலோற்பவம்?”

“செருப்பைக் கழத்தியாச்சு. இனி கேள்வி எதுக்கு சார்?”

அவருக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. ‘நீலமூச்சு நிறுவனம், தலைமை அறிவியலாளர்’ என்ற வில்லையைச் சட்டைப்பையில் குத்தியிருந்தார். அவள் காட்டாத நாற்காலியில் அவராகவே அமர்ந்தார்.

“கடல் ஆணையத்துலேருந்து மூணு கடிதம் வந்திருக்குமே. நீங்க ஒண்ணுக்கும் பதில் போடலையாம்.”

நீங்க! பதினான்கு ஆண்டுக்காலம் ஒரே கட்டடத்தில் ‘நீ’ என்று மட்டுமே அழைத்தவனுக்கு இப்போது ‘நீங்க’ வருகிறது. அமலோற்பவம் அதைக் குறித்துக்கொண்டாள்.

“வந்துச்சு. மீன் பொதிய நல்ல காயிதம்.”

சிவசைலம் சிரிக்க முயன்றார். “விளையாட்டுக்குச் சொல்ற நேரம் இல்ல. புன்னைத்துறைக்கு வெளியில, கடல்ல எல்லை குறிச்சு, நாங்க ஒரு சோதனைக் கட்டம் போட்டிருக்கோம், தெரியுமில்லையா? அதுல சிறகுச்சங்கு விதைச்சிருக்கோம். அந்தத் தண்ணியைக் குப்பியில எடுத்து, நாற்பது நாள் கழிச்சு ஆணையத்துக்கு முன்னாடி திறந்து, எண்ணிச் சொல்லணும். எண்ணுற கண்ணாடியில அறைக்கு அறுபது சங்கு இருந்தா, மன்னார் வளைகுடா முழுக்க விதைக்க அனுமதி.”

சிறகுச்சங்கு என்பது அரிசிமணியினும் சிறிய கடல் நத்தை. இரண்டு மெல்லிய சிறகுகளை அடித்துக்கொண்டு நீரின் நடுவே மிதக்கும். இந்தக் கடலில் ஒரு காலத்தில் அது கோடிக்கணக்கில் இருந்தது. இப்போது அஃது இல்லாமற்போனதற்கும், எதிரில் அமர்ந்திருக்கும் இந்த மனிதருக்கும் உள்ள தொடர்பை அமலோற்பவத்தைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். ஆயினும் அவரைப் பேசவிட்டாள். அவர் கெஞ்சுவதைச் சற்று நேரம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

“எண்ணத்தான் மெஷின் இருக்கே?”

“மெஷின் எண்ணக்கூடாது. வேற ஒரு கடற்கரையில அது மணலையும் பிளாஸ்டிக் தூளையும் சங்குன்னு எண்ணிருச்சு. மெஷினுக்கு வடிவம் மட்டுந்தானே தெரியும்? அதுக்கப்புறம் சட்டம் வந்துடுச்சு. மனுசக் கண்ணுதான் எண்ணணும். கம்பெனியில சம்பளம் வாங்காத கண்ணா இருக்கணும். பழைய சிறகுச்சங்கைப் பாத்துப் பழகின கண்ணாவும் இருக்கணும். இந்தக் கரையில அப்படி ரெண்டே கண்ணுதான் மிச்சம். ரெண்டும் உங்க முகத்துலதான் இருக்கு.”

“இப்ப இருக்குற கடல்ல சங்கு எப்படி சார் நிக்கும்? கடல் சுட்டுப்போயி, புளிச்சுல்லா கெடக்கு.”

“அதான் எங்க ஆராய்ச்சியே. இது சூட்டைத் தாங்கும், புளிப்பையும் தாங்கும்.”

“ஓடு எதால ஆனது?”

“சுண்ணாம்புதான். கெட்டிச் சுண்ணாம்பு. வேற எதால இருக்கும்?” என்றவர், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “இதைப் படிங்க. நானே என் கைப்பட எழுதியிருக்கேன். உங்க பணிப்பதிவேட்டுல இருக்கற அந்தப் பழைய குறிப்பை நீக்கலாம்னு சிபாரிசு. எண்ணிக்கை முடிஞ்ச அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்.”

அந்தப் பழைய குறிப்பு அவளுக்கு மனப்பாடம். ‘அலட்சியத்தால் வெங்காரம் இடத் தவறியவர், நம்பத்தக்கவர் அல்லர்.’

“வாரேன்” என்றாள் அமலோற்பவம். “எண்ணித் தாரேன்.”

அவள் அவ்வளவு எளிதில் இசைவாள் என்று எதிர்பாராத சிவசைலம், நன்றி சொல்லவும் மறந்து எழுந்து போனார். நடையோசை தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை அவள் கதவருகிலேயே நின்றாள். பிறகு திரும்பிப்போய் எஞ்சியிருந்த சாளைகளை ஒவ்வொன்றாகத் தலை கிள்ளினாள்.

*

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவள் புன்னைத்துறைக் கடலாய்வு நிலையத்தில் மிதவையுயிரிகளை எண்ணும் பணியில் இருந்தாள். எதிர்நீச்சலுக்கு வலுவின்றி, நீரோட்டம் கொண்டுபோன இடத்துக்கெல்லாம் போகும் நுண்ணுயிர்கள் அவை. பாசியும் பூச்சியும் நத்தையும் நண்டுக்குஞ்சுமாக ஒரு கரண்டி நீரில் ஓர் ஊரே இருக்கும். மீனுக்குச் சோறு அதுதான். கடலின் உடல்நிலையை அறியவும் வேறு நாடி கிடையாது.

வாரந்தோறும் மென்வலையை இழுத்து, அதில் சேர்ந்ததைக் குப்பியில் இட்டு, அழுகாதிருக்கும்பொருட்டு ஃபார்மலின் ஊற்றி, ஒரு சிட்டிகை வெங்காரத்தையும் சேர்ப்பாள். ஃபார்மலின் நாள்படப் புளிக்கும் இயல்புடையது. உள்ளே இருக்கும் சுண்ணாம்பு ஓட்டை மெல்ல மெல்லத் தின்றுவிடும். வெங்காரம் அப்புளிப்பை முறிக்கும். வெங்காரத்தை மறந்தால் சங்கு குப்பிக்குள்ளேயே கரைந்துபோகும். எண்ணுபவரோ கடலில் சங்கு இல்லை என்று எழுதிவிடுவார். அத்தொழிலில் இதனினும் பெரிய பிழை இல்லை. இவ்வளவும் முடிந்ததும் குப்பியின் வாயை மெழுகால் அடைப்பார்கள். சூடு ஆறுவதற்குள், வள்ளம் ஓட்டியவர் தம் வலக்கைப் பெருவிரலை அம்மெழுகில் பதிக்க வேண்டும். எல்லாம் முறைப்படி என் கண்முன் நடந்தது என்பதற்கு அந்த ரேகையே சான்று. சாட்சிக்குப்பி என்றே அதற்குப் பெயர்.

அவ்வாண்டில்தான் நீலமூச்சு நிறுவனம், ஆலைப்புகையின் கரியமில வாயுவைக் குழாய்வழியே கொண்டுபோய்க் கடலடியில் புதைக்கத் தொடங்கியது. ஊரார் விட்ட புகையையெல்லாம் உண்டு கடல் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஆண்டுக்காண்டு வெப்பமும் ஏறிக்கொண்டிருந்தது. இந்நிலையில் குழாய் கசிந்தது. குழாயைச் சுற்றிய நீரில் சிறகுச்சங்குகள் வாரத்துக்கு வாரம் குறைந்தன. இருந்தவற்றின் ஓடுகளும் கறையான் அரித்த ஓலைபோல் இருந்தன. அமலோற்பவம் கண்டதை எழுதினாள். விசாரணை வைத்தார்கள். நிலையத் தலைவராக இருந்த சிவசைலம் எழுந்து, சத்தியம் செய்துவிட்டுச் சொன்னார்: “வெங்காரம் இடாத குப்பியில் நாற்பது நாளில் சங்கின் சுவடே இராது. இவற்றைக் கரைத்தது கடலன்று, இவளுடைய அலட்சியம்.”

குப்பிகளைச் சோதித்தார்கள். அவை புளித்தே இருந்தன.

அவள் வெங்காரம் இட்டிருந்தாள். நிலையத்துச் சாடியிலிருந்து தன் கையால் அள்ளி இட்டிருந்தாள். எவரும் நம்பவில்லை. வேலை போயிற்று. சிவசைலம் மறுமாதமே நீலமூச்சில் சேர்ந்தார். குழாய் மேலும் எட்டு ஆண்டு கசிந்தது. மீனுக்கு இரையாகும் பெரிய பாசிகள் அழிந்தன, எதற்கும் உதவாத தூள்பாசி பெருகிற்று, சாளை அகன்றது, வலையை இழுத்தால் சொறி எனப்படும் ஜெல்லிமீன் மட்டுமே வந்தது. அவளுடைய கணவன் லெயோன், கூலிக்குப் படகேறித் தொலைக்கடல் போனவன், திரும்பவில்லை. குழாயை மூடியபோது, எவர்மீதும் குற்றமில்லை என்று ஒரு வரி எழுதி முடித்தார்கள். அதே நிறுவனம் இப்போது கடலைக் குணப்படுத்த வந்திருக்கிறது! குணமாயிற்று என்று கையெழுத்திட அவளையே அழைக்கிறது!

இத்தனை ஆண்டுகளாக அவள் எத்தனையோ வழிகளை எண்ணிப்பார்த்ததுண்டு. இவ்வளவு பொருத்தமான வழி தானாக வாசலுக்கு வரும் என்று நினைத்ததில்லை. வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அவன் அவள்மீது சுமத்திய பிழையை அவள் உண்மையாகவே செய்தால் போதும்.

*

வள்ளத்தை ஓட்டியவன் சூசைமரியான். லெயோனின் சித்தப்பா மகன். ஆணையம் அனுப்பிய அலுவலர் கரை மறையும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் குப்புறப் படுத்துவிட்டார்.

“சாருக்குக் கடல் பிடிக்கல போலுக்கு” என்றான் சூசை. “ஏய்யா, வாந்தியெடுத்தா அந்தப் பக்கமா எடும். இந்தப் பக்கம் சங்கு எண்ணுத தண்ணி.”

“சும்மா இரு சூசை.”

“மைனி, நீயுந்தான் வாங்கி ஆஞ்சிருப்ப. கட்டத்துல சாளை வந்துட்டு. ஏழு வருசமா சொறிய வாரிக் கொட்டுன வலையில சாளை! நீ மட்டும் சங்கு உண்டுன்னு எழுதிட்டன்னு வையி, கடல் முழுக்க விதைச்சிருவானுவ. எம்மவன் மங்களூருல ஐசு ஒடைக்கான். வந்துருவான்.”

“இப்ப வார சாளை எப்படி இருக்கு?”

“வயிறு முட்ட இருக்கு.”

“சதை?”

சூசை துடுப்பை மாற்றிப் பிடித்தான். “சதை கொஞ்சம் கம்மிதான். இப்பத்தான வந்திருக்கு. தேறும்.”

அவளுடைய நினைவெல்லாம் மடியிலிருந்த பொட்டலத்தின்மீதே இருந்தது. ஆணையம் முத்திரையிட்டு, எண் பொறித்துத் தந்த வெங்காரப் பொட்டலம் அது. வலையை இழுத்தாள், குப்பியை நிரப்பினாள், ஃபார்மலினை ஊற்றினாள். காற்றுக்கு முதுகைக் காட்டி, குப்பியின் வாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வெறும் விரல்களை மூன்று முறை உதறினாள். பிரிக்கப்படாத பொட்டலம் முந்தானையின் முடிச்சுக்குள் போயிற்று.

“போட்டாச்சா மைனி?”

“போட்டாச்சு. விரலை வையி.”

சூசை உருகிய மெழுகில் பெருவிரலை அழுத்திவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். “யாத்தே, சுடுது! சத்தியம்னா சுடத்தான் செய்யும் போல.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்பது நாள்கள். பகலெல்லாம் அவளுக்குள் ஒரு குப்பி புளித்துக்கொண்டிருந்தது. இன்று ஓட்டின் விளிம்பு மெலிந்திருக்கும். இன்று துளை விழுந்திருக்கும். இன்று அவனுடைய ஏழாண்டு உழைப்பு குழைந்து நீராகியிருக்கும் என்று நாள் எண்ணினாள். குப்பியில் சங்கு இல்லையென்றால் புளிப்பைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அவளுடைய பழைய வழக்கால் வந்த விதி அது. அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். மளிகைக்கடை வெங்காரத்தைக் கைக்குட்டையின் நுனியில் முடிந்து கொண்டுபோவாள். சங்கு இல்லை என்று சொல்லி, அவர்கள் சோதனைத்தாளை எடுத்து வரும் இடைவெளியில் அதைக் குப்பிக்குள் உதறிவிடுவாள். தாள் நிறம் மாறாது. பழி கடலுக்குப் போகும். சங்கு விதைத்தவனுக்குப் போகும். முத்திரை கலையாத அந்தப் பொட்டலத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, அவன் எல்லாவற்றையும் இழந்த பின் அவனுக்கே தபாலில் அனுப்புவாள்.

ஒருநாள் சூசையின் மனைவி ஒரு கிண்ணம் சாளைக் குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மவனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டோம் அக்கா, அடுத்த மாசம் வந்துருன்னு” என்றாள். அன்று முழுவதும் அமலோற்பவத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மனம் பழையபடி கல்லாகியிருந்தது. இந்தக் கடலை இன்னொருவன் வந்து இன்னொரு காலத்தில் விதைத்துக்கொள்ளட்டும். சிவசைலத்துக்கு இருப்பது ஓர் ஆயுள். அதுவும் முக்கால்வாசி முடிந்துவிட்டது. காத்திருக்க அவளுக்கு நேரமில்லை.

*

தூத்துக்குடியில் ஆணையம் கூடிய மண்டபத்தில் முற்பகல் பதினொரு மணிக்குக் குப்பியை மேசைமீது வைத்தார்கள். தலைவர் மெஹ்ருன்னிசா, நாற்பதாண்டு நீதித்துறையில் இருந்தவர், சூசையை அழைத்து மெழுகைக் காட்டினார்.

“இது உங்க ரேகைதானா?”

“எம்பெருவிரலை எனக்குத் தெரியாதாம்மா? அந்தா, தூண்டில் கிழிச்ச தழும்பு.”

முத்திரையை உடைத்தார்கள். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. அமலோற்பவம் உறிஞ்சுகுழலால் நீரை எடுத்து, கட்டங்கள் வரைந்த சிறு கண்ணாடித் தட்டின் அறையில் ஒழுகவிட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். முன்வரிசையில் சிவசைலம் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். கைக்குட்டையின் முடிச்சு அவளுடைய இடக்கைக்குள் இருந்தது.

பார்த்தாள். கண்ணை எடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

சங்குகள் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, கட்டத்துக்குக் கட்டம், விளிம்பு மழுங்காமல், பளபளவென்று, கடைந்தெடுத்தவைபோல் இருந்தன.

முதலில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே: தோற்றுவிட்டேன். பத்தொன்பது ஆண்டு காத்து, அவன் சுமத்திய அதே பிழையைச் செய்தும் தோற்றுவிட்டேன். கடவுளும் அவன் பக்கம்தான். விரல்கள் தம் போக்கில் எண்ணிக்கைப் பொறியை அழுத்திக்கொண்டே இருந்தன. நூறு. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினான்கு.

நூற்றுப் பதினான்காவதான கடைசிச் சங்கில் விரல் நின்றது.

நாற்பது நாள் புளித்த நீரில் சுண்ணாம்பு கரையாமல் இருக்குமா? எவ்வளவு கெட்டியாக இருந்தால்தான் என்ன, சுண்ணாம்பு என்றால் விளிம்பாவது மங்காதா? இந்த ஓடுகளைப் புளிப்பு தொடவே இல்லை. அப்படியென்றால் இவை சுண்ணாம்பல்ல. புளித்த நீரில் கரையாதது எதில் கரையும்? மீனின் இரைப்பையில் இருப்பதும் புளிப்புதானே? வயிறு முட்டிய, முதுகு ஒட்டிய சாளைகள் அவள் கண்முன் வந்தன. கழுவக் கழுவப் போகாமல் குடலில் அப்பியிருந்த வெள்ளைத் துகள் வந்தது. அந்த மீன்கள் பசியாறியவை அல்ல. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பட்டினி கிடந்தவை.

“என்ன அமலோற்பவம்?” என்றார் சிவசைலம், புன்னகையோடு. அவருடைய மடியில் அந்தச் சிபாரிசுத்தாள் இருந்தது. பேனாவின் மூடியையும் கழற்றியிருந்தார். “எண்ணிக்கையைச் சொல்லிடுங்களேன்.”

சொல்லிவிடலாம். சங்கு இருக்கும் குப்பியில் எவரும் புளிப்பைச் சோதிக்கப்போவதில்லை. அவளுடைய பெயர் கழுவிவிட்டதுபோல் ஆகிவிடும். சூசையின் மகன் ஊருக்கு வந்துவிடுவான். ஓர் ஆண்டோ ஈராண்டோ கழித்து, வளைகுடா முழுவதும் வயிறு நிறைந்த மீன்கள் செத்து மிதக்கும்.

அவள் கைக்குட்டையை மேசைமீது வைத்தாள்.

“சங்கு இருக்கு. அறைக்கு நூத்துப் பதினாலு. ஒண்ணுகூடக் கரையல. இப்ப குப்பியோட புளிப்பைச் சோதிச்சுப் பாருங்கம்மா.”

தலைவர் புருவத்தை உயர்த்தினார். “சங்கு இல்லேன்னாத்தானே அந்தச் சோதனை?”

“விதி எனக்குத் தெரியும்மா. என்னால வந்த விதி அது. சோதிங்க.”

அலுவலர் நீலத்தாளை நனைத்தார். அது செக்கச்செவேலென்று சிவந்தது.

சிவசைலம் துள்ளி எழுந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக வாய்க்குள் பழகிக்கிடந்த சொற்கள், யோசனைக்கு இடம் தராமல் வெளியே வந்தன. “மறுபடியும் அதே வேலை! நீ வெங்காரம் போடல! எழுதிக்குங்க, இவ வெங்காரம் போடல!”

“ஆமா” என்றாள் அமலோற்பவம். ‘நீ’ திரும்பி வந்துவிட்டதைக் கேட்டு அவளுக்கு இனித்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, முத்திரை கலையாத பொட்டலத்தை எண் தெரியும்படி மேசையில் வைத்தாள். “நான் போடல. உங்களக் கெடுக்கணும்னே போடல. வெங்காரம் போடாத குப்பியில நாப்பது நாள்ல சங்கோட சுவடே இருக்காதுன்னு சத்தியம் பண்ணிச் சொன்னீங்களே சார். பழைய பதிவேட்டை எடுக்கச் சொல்லுங்க. உங்க வாயால சொன்னது அப்படியே இருக்கும். அப்ப இந்த நூத்துப் பதினாலும் எப்படி முழுசா இருக்கு?”

சிவசைலம் உட்கார முயன்ற நாற்காலி சற்றுத் தள்ளியிருந்தது.

ஒரு சங்கைக் காயவைத்து, சுட்ட ஊசியின் முனையில் தொட்டார்கள். அது சுருண்டு, உருகி, நூலாக இழுபட்டது. பிளாஸ்டிக் பால்பை எரியும் நாற்றம் வந்தது.

“சுண்ணாம்பு உருகாது” என்றார் தலைவர் மெதுவாக.

“இந்தக் கடல்ல சுண்ணாம்பு நிக்காதும்மா!” சிவசைலத்தின் குரல் உடைந்தது. “எத்தனை வகை செஞ்சு பார்த்தோம் தெரியுமா? எல்லாம் கரைஞ்சு போச்சு. கடைசியில பிசின்ல ஓடு கட்டற உயிரைச் செஞ்சோம். சங்கு மாதிரியே இருக்கு, சங்கு மாதிரியே மிதக்குது, எண்ணினா எண்ணிக்கை வருது. நீங்க எங்ககிட்ட எண்ணிக்கையைத்தானே கேட்டீங்க?”

“மீனுக்குச் செரிக்குமா சார்?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

அவர் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

*

பிற்பகலில் ஆணை வந்தது. விதைப்பு நிறுத்தப்பட்டது, சோதனைக் கட்டத்தை உடனே வலைகட்டி அடைக்க வேண்டும். சிவசைலத்தின்மீது வழக்கு. அடுத்த பத்தியில், சாட்சிக்குப்பியில் வேண்டுமென்றே வெங்காரம் இடாத குற்றத்துக்காக அமலோற்பவத்துக்கு ஆணையம் தந்திருந்த எண்ணுநர் சான்று நிரந்தரமாக நீக்கப்பட்டது. அவள் மறுப்பின்றிக் கையெழுத்திட்டாள்.

வெளித்தாழ்வாரத்தின் கடைசி விசுப்பலகையில் சூசைமரியான் தன் பெருவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“எழுத்துத் தெரியாதவன் மைனி நான். இந்த விரல்தான் எனக்குப் பேரு. அதையும் பொய்யாக்கிட்டயே.”

“சூசை...”

“பேசாத. எம்மவனுக்கு இனி என்னன்னு போன் போட?”

அவள் சற்று விலகி, தூணுக்கு இப்பால் போய் நின்றாள். இழுத்து நடக்கும் ஓசை பின்னால் வந்து நின்றது. சிவசைலத்தின் சட்டையில் வில்லை இல்லை. அதைக் குத்தியிருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன.

“ஓடு பிசின்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது. எல்லாம் கரைஞ்சிரும், நீங்க நாசமாப் போவீங்கன்னு நெனச்சேன்.”

அவர் தலையசைத்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “அன்னைக்கு நீ போட்டிருந்தே. எனக்குத் தெரியும். சாடியில இருந்தது வெங்காரமே இல்ல. அரைச்ச உப்பு. நான்தான் மாத்தி வச்சேன்.”

பத்தொன்பது ஆண்டுகளாக அவள் குப்பியைச் சந்தேகித்தாள், மெழுகைச் சந்தேகித்தாள், சில இரவுகளில் தன்னையே சந்தேகித்தாள். சாடியை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

“உள்ள வந்து சொல்லுங்க.”

“சொல்லி என்ன ஆகப்போகுது?” அவருடைய உதட்டோரத்தில் பழைய சிரிப்பின் மிச்சம் தெரிந்தது. “வெங்காரம் போடாதவன்னு இன்னைக்கு நீயே ஒத்துக்கிட்டே. கையெழுத்தும் போட்டுட்டே. இனி நானே வந்து கத்தினாலும் அன்னைக்கு நீ போட்டேன்னு யார் நம்புவா? நான் இல்லேன்னு சொல்லிட்டாப் போச்சு. இங்கே கேட்க யார் இருக்கா?”

“நான் இருக்கேன்” என்றது தூணுக்கு மறுபக்கத்துக் குரல்.

சூசைமரியான் எழுந்து நின்றிருந்தான். சிவசைலத்தைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தான். பிறகு, அவர் அங்கே இல்லாததுபோல், அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினான்.

“உப்பையா போட்டு வச்சிருந்தான் மைனி?”

“உப்பு.”

“லெயோன் அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லிச்சு, அவ போட்டுருப்பாலேன்னு. நான்தான் நம்பல.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “உம்மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. அது வீட்டுக்குப் போயி. இப்ப உள்ள வா. அந்தம்மா இன்னும் எந்திரிக்கல.”

“சூசை, ஒரு தடவ பொய்யான விரல்னு சொல்லி ஏத்துக்க மாட்டாங்க.”

“ஏத்துக்குவாங்களோ மாட்டாங்களோ. எங்காதால கேட்டதுக்கு நான் விரலை வைக்கணும். அதான மொறை?”

அவன் மண்டபத்தின் கதவைத் தள்ளினான். உள்ளே தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த தலைவர் நிமிர்ந்து பார்த்தார். சூசைமரியான் நேராக மேசையருகே போய், வலக்கைப் பெருவிரலை வேட்டியில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, “அம்மா, மைப்பெட்டி இருக்கா?” என்று கேட்டான்.